கட்டியின் மரபணுச் சோதனை: உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயின் அரிய வகைகளை அடையாளம் காண்பது எப்படி?

பயாப்ஸி அறிக்கையின் கடைசி வரியில் "மரபணுச் சோதனை செய்து பார்க்கவும்" என்று இருந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி "பிள்ளைகளுக்கும் வருமா?" என்பதுதான். அடுத்தது, "அறுவைச் சிகிச்சையே முடிந்துவிட்டது, இன்னுமா என்ன நோய் என்று தெரியவில்லை?" மூன்றாவது கேள்வி கொஞ்சம் தயங்கித்தான் வரும்: "இது தேவையில்லாத செலவோ?"

மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் அக்கம்பக்கத்திலும் வாட்ஸ்அப்பிலும் கிடைக்கும் பதில்கள் மார்பகப் புற்றுநோய்க்கோ நுரையீரல் புற்றுநோய்க்கோ பொருந்துபவை. அவற்றை அப்படியே உமிழ்நீர்ச் சுரப்பிக்குக் கொண்டுவந்து வைப்பதால் பயப்பட வேண்டாத இடத்தில் பயமும், கவனிக்க வேண்டிய இடத்தில் அலட்சியமும் வந்துவிடுகின்றன. இந்தச் சோதனை எதைத் தேடுகிறது, எப்படித் தேடுகிறது, கிடைக்கும் விடையை எவ்வளவு நம்பலாம் என்பதை மருத்துவப் படிப்பு இல்லாதவர்களும் புரிந்துகொள்ள முடியும்.

ஒரே பெயரில் இரண்டு சோதனைகள்

உடலின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. அதில் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அடங்கிய பகுதியே மரபணு. பெற்றோரிடமிருந்து வந்த மரபணுக்கள் எல்லாச் செல்களிலும் இருப்பதால், பரம்பரைப் பிழை உண்டா என்று பார்க்கக் கொஞ்சம் இரத்தம் போதும். மார்பகப் புற்றுநோய் அடிக்கடி வரும் குடும்பங்களில் செய்யப்படும் பி.ஆர்.சி.ஏ. சோதனை இந்த வகையைச் சேர்ந்தது.

இங்கே பேசப்போவது வேறு சோதனை. அதற்கு எடுப்பது இரத்தம் அல்ல, வெட்டியெடுத்த கட்டியின் துண்டு. வாழ்நாளின் ஏதோ ஒரு கட்டத்தில், சுரப்பியில் இருந்த ஒரே ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் ஒரு மாற்றம் நேர்ந்து, அந்தச் செல் பெருகிக் கட்டியாகியிருக்கிறது. மாற்றம் அந்தக் கட்டிக்குள் மட்டுமே இருக்கிறது. விந்தணுவிலோ கருமுட்டையிலோ அது இல்லாததால் பிள்ளைகளுக்குப் போக வழியில்லை.

விதிவிலக்குகள் மிகச் சில. சி.ஒய்.எல்.டி. என்ற மரபணுவில் பரம்பரைப் பிழை உள்ள சில குடும்பங்களில் தோல் கட்டிகளோடு உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளும் வருவதுண்டு. நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே நேரத்தில் படிக்கும் பெரிய சோதனைகளில் தற்செயலாகப் பரம்பரைப் பிழையின் சாயல் தென்படலாம். அப்போது இரத்தத்தில் தனியாகச் சோதித்து உறுதி செய்வார்கள். இவை தவிர, உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயில் கட்டியின் மரபணுச் சோதனை குடும்பத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

சுரப்பிகள் எங்கெல்லாம் இருக்கின்றன?

பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னும் கீழும் இருப்பது பரோட்டிட் சுரப்பி. அம்மைக்கட்டு வந்தால் வீங்குவது இதுதான். மற்ற இரண்டு கீழ்த்தாடைக்கு அடியிலும் நாக்கின் அடியிலும் உள்ளன. இவற்றைத் தவிர உதட்டின் உட்புறம், கன்னம், அண்ணம், தொண்டை எங்கும் 600 முதல் 1,000 வரை சிறு சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலான கட்டிகள் பரோட்டிட்டில்தான் வருகின்றன, அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகள். சுரப்பி சிறியதாகச் சிறியதாக, அதில் வரும் கட்டி புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அண்ணத்தில் வலியில்லாமல் தங்கிவிட்ட சிறு புடைப்பை மருத்துவர்கள் அலட்சியம் செய்யாததற்கு இதுவே காரணம்.

வாயில் புற்றுநோய் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது புகையிலை. இந்தியாவில் வாய்ப் புற்றுநோயின் பெரும்பகுதி புகையிலையோடும் பாக்கோடும் தொடர்புள்ளது என்பது உண்மை. ஆனால் அது வாயின் மேல்தோலில் தொடங்குவது. சுரப்பிக்குள் தொடங்கும் புற்றுநோய் வேறு நோய். புகையிலையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும், இளைஞர்களுக்கும், சில சமயம் குழந்தைகளுக்கும்கூட வருகிறது. நோயாளியைப் பார்த்து "என்ன பழக்கம் வைத்திருந்தாய்?" என்று கேட்கும் உறவினர்கள் இதை ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. மூச்சுக்குழாய், நுரையீரலின் கிளைக்குழாய்கள், கண்ணீர்ச் சுரப்பி, மார்பகம் ஆகியவற்றிலும் உமிழ்நீர்ச் சுரப்பியை ஒத்த அமைப்புள்ள சுரப்பிகள் உண்டு. அங்கே தொடங்கும் சில கட்டிகள் நுண்ணோக்கியில் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளைப் போலவே தெரியும். அதனால்தான் நுரையீரலில் எடுத்த பயாப்ஸிக்கு "உமிழ்நீர்ச் சுரப்பி வகைப் புற்றுநோய்" என்று அறிக்கை வருவதுண்டு. வாயிலிருந்து அங்கே பரவியது என்று அதற்குப் பொருள் அல்ல.

நுண்ணோக்கி எங்கே திணறுகிறது?

கட்டித் துண்டு ஆய்வகத்துக்குப் போனதும் ஃபார்மலினில் ஊறவைக்கப்பட்டு, பாரஃபின் மெழுகில் பதிக்கப்படும். அந்த மெழுகுக் கட்டிக்குப் பெயர் பிளாக். அதிலிருந்து மிக மெல்லிய சீவல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றினால் ஸ்லைடு. செல்லின் கரு ஊதாவாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்பவர் பேத்தாலஜிஸ்ட். நோயாளி அவரைப் பெரும்பாலும் சந்திப்பதே இல்லை; ஆனால் சிகிச்சை முழுவதும் அவர் எழுதும் பெயரை நம்பித்தான் நடக்கிறது.

உமிழ்நீர்ச் சுரப்பி அவருக்கு மிகக் கடினமான பகுதி. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இந்தச் சுரப்பியின் புற்றுநோய்கள் மட்டும் இருபதுக்கு மேல். நோயோ மிக அரிது. பல நாடுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வருகிறது. ஒரு சாதாரண மருத்துவமனையின் பேத்தாலஜிஸ்ட், இருபது வகைகளில் சிலவற்றைத் தன் பணிக்காலம் முழுவதிலும் பார்க்காமலே போகலாம்.

அரிது என்பதோடு, ஒன்றைப் போல் இன்னொன்று தெரிவதும் சிக்கல். உமிழ்நீர் ஓடும் நுண்குழாயை உள்ளே ஓர் அடுக்குச் செல்களும், வெளியே சுருங்கி விரியக்கூடிய இன்னோர் அடுக்குச் செல்களும் சூழ்ந்திருக்கின்றன. பெரும்பாலான கட்டிகள் இந்த இரு வகைச் செல்களின் வெவ்வேறு கலவைகள். சல்லடைக் கண்கள் போன்ற ஓர் அமைப்பு, வீரியமான அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற புற்றுநோயிலும் இருக்கும், மெதுவாக வளரும் பாலிமார்ஃபஸ் அடினோகார்சினோமா என்ற புற்றுநோயிலும் இருக்கும், சில சாதாரணக் கட்டிகளிலும் இருக்கும். ஒரே கட்டியின் ஒரு மூலை ஒரு விதமாகவும் மறு மூலை வேறு விதமாகவும் இருப்பதும் வழக்கம். ஊசி குத்திச் சில செல்களை மட்டும் எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனையில் அந்த அமைப்பே கையில் கிடைப்பதில்லை என்பதால், அது பல நேரங்களில் "சந்தேகத்துக்குரியது" என்பதோடு நின்றுவிடுகிறது.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: சோதிக்கப்படுவது கட்டியின் மரபணு, குடும்பத்தின் மரபணு அல்ல. சோதனை கேட்கப்படுவது மருத்துவர் கோட்டைவிட்டதால் அல்ல. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் பல நோய்கள் இந்தச் சுரப்பியில் இருப்பதால்.

இடம் மாறிக் கோக்கப்பட்ட பாரம்

தமிழ்ப் புத்தகங்களைப் பாரம் பாரமாக அச்சிட்டு, மடித்து, அடுக்கித் தைக்கிறார்கள். ஒரு பாரம் என்பது பெரும்பாலும் பதினாறு பக்கம். எப்போதாவது பைண்டிங்கில் தவறு நேர்ந்து, ஒரு நாவலின் முன்பாதியோடு வேறொரு புத்தகத்தின் பின்பாதி சேர்ந்து தைக்கப்பட்டுவிடும். அட்டையைப் பார்த்தால் தெரியாது. படித்துக்கொண்டே போனால், 96ஆம் பக்கத்தில் காதலன் கடிதத்தைப் பிரிக்கிறான், 97ஆம் பக்கத்தில் தென்னைக்கு உரமிடும் முறை தொடங்குகிறது. ஒவ்வொரு பக்கமும் பிழையின்றி அச்சானதுதான். தையல்தான் தவறு.

நம் டி.என்.ஏ. 23 ஜோடிக் குரோமோசோம்களாக, அதாவது தனித்தனி இழைகளாக, சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் ஒரே நேரத்தில் உடைந்து, செல் அவற்றை அவசரமாக ஒட்டும்போது துண்டுகள் மாறிப் போனால், ஒரு மரபணுவின் முன்பாதியும் வேறொரு மரபணுவின் பின்பாதியும் ஒன்றாகிவிடும். இதற்கு மரபணு இணைவு என்று பெயர். இரு பாதிகளிலும் எழுத்துப் பிழை இல்லை. ஆனால் அந்தச் சேர்க்கை சொல்லும் புரதத்தை உடல் அதுவரை செய்ததே இல்லை.

இணைவு ஏன் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதை ஒரு எடுத்துக்காட்டால் பார்க்கலாம். 15ஆம் குரோமோசோமில் என்.டி.ஆர்.கே.3 என்ற மரபணு இருக்கிறது. அது செய்யும் புரதம், வெளியிலிருந்து ஒரு வளர்ச்சிச் செய்தி வந்தால் மட்டும் இரண்டிரண்டாகச் சேர்ந்து, "வளர்" என்ற கட்டளையைச் செல்லுக்குள் அனுப்பும். செய்தி வராதபோது தனித்தனியாகச் சும்மா இருக்கும். 12ஆம் குரோமோசோமில் உள்ள ஈ.டி.வி.6 மரபணுவின் முன்பகுதிக்கு ஒரு குணம் உண்டு: அதைக் கொண்ட புரதங்கள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்போது ஈ.டி.வி.6இன் முன்பாதியும் என்.டி.ஆர்.கே.3இன் பின்பாதியும் இணைந்துவிட்டால் என்ன ஆகும்? வெளியிலிருந்து எந்தச் செய்தியும் தேவையில்லை. புரதங்கள் தாமாக ஒட்டிக்கொள்ளும், "வளர்" என்ற கட்டளை இரவும் பகலும் போய்க்கொண்டே இருக்கும்.

உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயின் பல வகைகளில், ஒவ்வொரு வகைக்கும் தனக்கே உரிய இணைவு ஒன்று இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு கட்டிகளை உள்ளே இருக்கும் தையலை வைத்துப் பிரித்துவிடலாம் என்பதே இந்தச் சோதனையின் அடிப்படை.

பழைய ஸ்லைடுகளுக்குள் ஒளிந்திருந்த ஒரு நோய்

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை 2010ஆம் ஆண்டில் நடந்தது. செக் குடியரசின் பில்சன் நகரைச் சேர்ந்த பேத்தாலஜிஸ்ட் அலேனா ஸ்காலோவாவும் அவருடைய குழுவினரும், அசினிக் செல் கார்சினோமா என்றும் வேறு பெயர்களிலும் வகைப்படுத்தப்பட்டுவந்த சில உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளை உற்றுப் பார்த்தார்கள். அவை அந்தப் பெயருக்கு முழுதாகப் பொருந்தவில்லை. மார்பகத்தில் மிக அரிதாக வரும் செக்ரட்டரி (secretory, சுரக்கும் வகை) கார்சினோமாவின் சாயல் அவற்றில் இருந்தது. அந்த மார்பகக் கட்டியில் ஈ.டி.வி.6–என்.டி.ஆர்.கே.3 இணைவு இருப்பது 2002இலேயே தெரிந்திருந்தது. அதற்கும் முன்பு, 1998இல், கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு நார்த்திசுப் புற்றுநோயில் இதே இணைவு கண்டறியப்பட்டிருந்தது.

சாயல் ஒன்றென்றால் தையலும் ஒன்றாக இருக்குமோ என்று தேடினார்கள். இருந்தது. 16 கட்டிகளை விவரித்து, இது தனி நோய் என்று அறிவித்தார்கள். 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் செக்ரட்டரி கார்சினோமா என்ற பெயரிலேயே அது இடம்பெற்றது. அதன் பிறகு உலகெங்கும் பழைய பிளாக்குகளை எடுத்து மறுபடி பார்த்தபோது, அசினிக் செல் என்று முன்பு எழுதப்பட்ட பல கட்டிகள் உண்மையில் இந்த நோய் என்று தெரியவந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் ஒரு மனிதரின் கண்ணுக்கு "இது பொருந்தவில்லையே" என்று பட்டது. அதன் பிறகுதான் மரபணுவில் தேடல். கருவி தானாக ஒரு புது நோயைக் கண்டுபிடித்துத் தரவில்லை. இன்றும் எந்தக் கட்டியில் எதைத் தேட வேண்டும் என்று முடிவு செய்வது ஸ்லைடைப் பார்க்கும் அந்தக் கண்ணே. "மரபணுச் சோதனை வந்துவிட்டது, இனி நுண்ணோக்கி எதற்கு?" என்ற பேச்சு எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எந்த நோயில் எந்த மாற்றம்?

எல்லா வகைகளையும் அடுக்கத் தேவையில்லை. அறிக்கைகளில் அதிகம் காணப்படுபவற்றை மட்டும் சொல்கிறேன்.

இந்தச் சுரப்பிகளின் புற்றுநோய்களில் அதிகம் வருவது மியூக்கோஎபிடெர்மாய்டு கார்சினோமா. அதில் பெரும்பாலானவற்றில், 11, 19ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறியதால் சி.ஆர்.டி.சி.1–எம்.ஏ.எம்.எல்.2 என்ற இணைவு இருக்கும். இது 2003இல் தெரியவந்தது. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவின் அடையாளம் எம்.ஒய்.பி.–என்.எஃப்.ஐ.பி. இணைவு, 2009இல் அறியப்பட்டது. ஹயலினைசிங் கிளியர் செல் கார்சினோமா என்ற அரிய வகை அண்ணத்திலும் நாக்கின் அடிப்பகுதியிலும் வரும். அதில் ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1–ஏ.டி.எஃப்.1 இணைவு இருப்பதை 2011இல் கண்டார்கள். 2019இல் சேர்ந்த மைக்ரோசெக்ரட்டரி அடினோகார்சினோமாவுக்கு எம்.இ.எஃப்.2சி–எஸ்.எஸ்.18 இணைவு.

எல்லாமே இணைவு அல்ல. பாலிமார்ஃபஸ் அடினோகார்சினோமாவின் வழக்கமான வடிவத்தில், பி.ஆர்.கே.டி.1 என்ற மரபணுவில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒற்றை எழுத்துப் பிழை. பாரம் சரியாகத்தான் இருக்கிறது, அச்சுக் கோக்கையில் ஓர் எழுத்து மாறிவிட்டது.

அசினிக் செல் கார்சினோமாவில் நடப்பது இன்னும் விசித்திரம். உமிழ்நீரில் கலக்கும் புரதங்களைச் செய்யும் மரபணுக்கள் 4ஆம் குரோமோசோமில் கூட்டமாக இருக்கின்றன. சுரப்பிச் செல்லின் வேலையே அந்தப் புரதங்களைச் செய்வதுதான் என்பதால், அந்தக் கூட்டத்தைத் தூண்டும் டி.என்.ஏ. பகுதிகள் எப்போதும் சுறுசுறுப்பாக இருக்கும். குரோமோசோம் துண்டு மாறி, 9ஆம் குரோமோசோமின் என்.ஆர்.4ஏ3 மரபணு அந்தத் தூண்டும் பகுதிகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மரபணு உடையவில்லை, வேறொன்றோடு ஒட்டவும் இல்லை. தவறான அண்டை வீட்டாரால் அளவுக்கு மீறித் தூண்டப்படுகிறது. 2019இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பு ஏன் முக்கியம் என்பது சோதனை முறைகளைப் பார்க்கும்போது விளங்கும்.

சோதனை எப்படி நடக்கிறது?

பெரும்பாலும் படிப்படியாக. எளிதானதும் செலவு குறைந்ததும் முதலில்.

முதல் படி இம்யூனோ சோதனை. குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் எதிர்ப்பொருளை ஸ்லைடில் விட்டு, அது ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரிகிறதா என்று பார்ப்பது. இது மரபணுவைப் பார்ப்பதில்லை. மரபணு மாற்றத்தின் விளைவைப் பார்க்கிறது. செல்லின் கருவில் டி.ஆர்.கே. (என்.டி.ஆர்.கே. மரபணுக்கள் செய்யும்) புரதம் பழுப்பாகத் தெரிந்தால் செக்ரட்டரி கார்சினோமாவாக இருக்கலாம் என்ற வலுவான குறிப்பு. என்.ஆர்.4ஏ3 தெரிந்தால் அசினிக் செல். பல நோயாளிகளுக்கு இந்தப் படியிலேயே பெயர் உறுதியாகிவிடும். வேறு எதுவும் தேவைப்படாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி ஃபிஷ் (FISH) சோதனை. சந்தேகப்படும் மரபணுவின் இரு பக்கங்களிலும் சிவப்பு, பச்சை என இரண்டு ஒளிரும் அடையாளங்களை ஒட்டுகிறார்கள். மரபணு முழுதாக இருந்தால் இரு நிறங்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். உடைந்திருந்தால் பிரிந்து தெரியும். புத்தகம் 96ஆம் பக்கத்தில் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதை இது உறுதியாகச் சொல்லிவிடும். அங்கே எந்தப் புத்தகம் வந்து ஒட்டியது என்று சொல்லாது.

அந்தக் குறை பெரிய குறையாகும் இடங்கள் உண்டு. ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 மரபணு பல நோய்களில் உடைகிறது. ஏ.டி.எஃப்.1 உடன் சேர்ந்தால் மெதுவாக வளரும் கிளியர் செல் கார்சினோமா. எஃப்.எல்.ஐ.1 உடன் சேர்ந்தால் யூயிங் சார்கோமா என்ற வீரியமான புற்றுநோய்க் குடும்பம். அதன் ஒரு வடிவம் பரோட்டிட்டிலும் வருகிறது, கடுமையான கீமோதெரபி தேவைப்படும் நோய் அது. ஃபிஷ் சோதனையில் இரண்டும் "ஈ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 உடைந்துள்ளது" என்றே வரும். அந்த ஒரு வரியை மட்டும் வைத்து இணையத்தில் தேடிப் பார்க்கும் குடும்பம் எவ்வளவு பதறும் என்று நினைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி ஆர்.என்.ஏ. வரிசை வாசிப்பு. மரபணுவில் உள்ள குறிப்பைப் புரதம் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோகும் நகலே ஆர்.என்.ஏ. பல மரபணுக்களின் நகல்களை ஒரே நேரத்தில் எழுத்து எழுத்தாகப் படிக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன. 96ஆம் பக்கத்தின் கடைசி வரியையும் 97ஆம் பக்கத்தின் முதல் வரியையும் சேர்த்துப் படித்துவிடுவதால், யார் யாரோடு ஒட்டியது என்பது தெளிவாகிறது. இதுவரை யாரும் பார்க்காத புதுக் கூட்டாளிகளும் இப்படித்தான் பிடிபடுகிறார்கள். செக்ரட்டரி கார்சினோமாவில் சில கட்டிகளில் என்.டி.ஆர்.கே.3க்குப் பதிலாக ரெட் என்ற மரபணு ஈ.டி.வி.6உடன் சேர்ந்திருப்பது 2018இல் தெரியவந்தது.

இந்த மூன்றாம் படிக்கும் பலவீனம் உண்டு. ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும். பிளாக் பழையதாக இருந்தாலோ, எலும்போடு சேர்ந்த துண்டை அமிலத்தில் ஊறவைத்து மென்மையாக்கியிருந்தாலோ படிக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. அசினிக் செல் கார்சினோமாவை மறுபடி நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: அதில் ஒட்டிய நகல் என்று ஒன்றே இல்லை. விலை உயர்ந்த இணைவுச் சோதனை அங்கே வெறுங்கையோடு திரும்பலாம், எளிய இம்யூனோ சோதனை விடையைச் சொல்லிவிடும். பெரிய சோதனைதான் நல்ல சோதனை என்ற எண்ணம் இந்தத் துறையில் அடிக்கடி ஏமாற்றுகிறது.

சுருக்கமாக: இம்யூனோ சோதனை புரதத்தைப் பார்க்கிறது, ஃபிஷ் உடைப்பைப் பார்க்கிறது, ஆர்.என்.ஏ. வாசிப்பு தையலைப் படிக்கிறது. எது பொருத்தம் என்பது சந்தேகம் எந்த நோயின் மேல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

"இல்லை" என்று வந்தால் என்ன பொருள்?

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த இடம். "இணைவு கண்டறியப்படவில்லை" என்ற வரியைப் படித்துவிட்டு, "புற்றுநோய் இல்லையாம்!" என்று மகிழ்ச்சியில் தொலைபேசியை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வரிக்கு அப்படிப் பொருள் இல்லை. மியூக்கோஎபிடெர்மாய்டு கார்சினோமாவில் ஒரு பகுதியினருக்கு அந்த இணைவு இருக்காது. அடினாய்டு சிஸ்டிக்கிலும் எல்லாருக்கும் இருப்பதில்லை. சோதனையின் பட்டியலில் இல்லாத மரபணு உடைந்திருக்கலாம், திசு போதாமல் இருந்திருக்கலாம். புற்றுநோய்தான் என்பதை நுண்ணோக்கி ஏற்கெனவே சொல்லிவிட்டது. மரபணுச் சோதனை அதன் வகையைச் சொல்ல முயல்கிறது, சில சமயம் முடியாமல் போகிறது.

"இருக்கிறது" என்று வந்தாலும் அந்த ஒரு சொல்லே நோயின் பெயர் ஆகாது. சி.ஆர்.டி.சி.1–எம்.ஏ.எம்.எல்.2 இணைவு ஹைட்ரடினோமா என்ற சாதாரணத் தோல் கட்டியிலும் காணப்படுகிறது. ஈ.டி.வி.6–என்.டி.ஆர்.கே.3 இணைவு சுரப்பி, மார்பகம், குழந்தைகளின் நார்த்திசுக் கட்டி என்று பல இடங்களில் வருவதை மேலே பார்த்தோம். கட்டி எங்கே இருக்கிறது, ஸ்லைடில் எப்படித் தெரிகிறது, மரபணு என்ன சொல்கிறது என்ற மூன்றும் ஒத்துப்போனால்தான் பெயர் உறுதி.

சிகிச்சை மாறுமா?

சில நோயாளிகளுக்குப் பெரிய அளவில் மாறும். பலருக்கு முதல் சிகிச்சை மாறாது. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்க்கு முதன்மைச் சிகிச்சை அறுவைதான். தேவைப்பட்டால் பிறகு கதிரியக்கம். பரோட்டிட் சுரப்பியின் நடுவே முகத்தின் தசைகளை இயக்கும் நரம்பு ஓடுவதால், எவ்வளவு வெட்டுவது என்ற முடிவு மிக நுட்பமானது. மெதுவாக வளரும் வகை என்று தெரிந்தால் தேவையற்ற கூடுதல் சிகிச்சையைத் தவிர்க்க முடியும். அடினாய்டு சிஸ்டிக் என்றால் அது நரம்புகளின் வழியே ஊர்ந்து செல்லும் குணமுள்ளது என்பதால் கதிரியக்கத்தின் எல்லை முதற்கொண்டு கண்காணிப்பின் காலம் வரை எல்லாம் மாறும்.

மருந்து என்று பார்த்தால் செக்ரட்டரி கார்சினோமாவுக்கு வாய்த்தது பெரிய பேறு. ஓயாமல் "வளர்" என்று சொல்லும் அந்த இணைவுப் புரதத்தைத் தடுக்கும் லாரோட்ரெக்டினிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2018 நவம்பரிலும், என்ட்ரெக்டினிப்புக்கு 2019இலும் அனுமதி கிடைத்தது. லாரோட்ரெக்டினிப்பின் முதல் பெரிய ஆய்வு முடிவு 2018இல் வெளியானது. அதில் பங்கேற்ற 55 பேரில் நான்கு மாதக் குழந்தை முதல் 76 வயது முதியவர் வரை இருந்தார்கள். கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் டி.ஆர்.கே. இணைவு இருந்தால் போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள். நான்கில் மூன்று பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. அந்த 55 பேரில் 12 பேர் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி உள்ளவர்கள், செக்ரட்டரி கார்சினோமா நோயாளிகளும் அவர்களில் அடக்கம். அசினிக் செல் என்ற பழைய பெயரே தொடர்ந்திருந்தால், செக்ரட்டரி கார்சினோமா நோயாளிகளிடம் இந்த இணைவைத் தேட யாருக்கும் தோன்றியிருக்காது.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். செக்ரட்டரி கார்சினோமா பெரும்பாலும் அறுவையோடு குணமாகிவிடுகிறது. இணைவு இருக்கிறது என்பதாலேயே எல்லாரும் அந்த மருந்தைச் சாப்பிட வேண்டியதில்லை. பரவியவர்களுக்கும், அறுவை செய்ய முடியாதவர்களுக்கும்தான் அது. அடினாய்டு சிஸ்டிக், மியூக்கோஎபிடெர்மாய்டு ஆகியவற்றின் இணைவுகள் நோயின் பெயரை அழகாகச் சொல்லிவிடுகின்றன. ஆனால் அவற்றை நேரடியாகத் தடுக்கும் மருந்து இப்படி நடைமுறைக்கு வந்துவிடவில்லை.

நுரையீரல், மார்பகம்: பெயர் மாறினால் எல்லாம் மாறும் இடங்கள்

மார்பகத்தில் வரும் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவில், இரு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் பெரும்பாலும் இருக்காது. அதனால் அறிக்கையில் "டிரிபிள் நெகட்டிவ்" என்று வரும். மார்பகப் புற்றுநோயில் மிக அஞ்சப்படும் சொல் அது; வழக்கமாகக் கடுமையான கீமோதெரபியைக் கொண்டுவரும் சொல். ஆனால் மார்பகத்தில் வரும் இந்த வகையின் வழக்கமான வடிவம் சாதுவானது. நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவதே அரிது. இதே எம்.ஒய்.பி.–என்.எஃப்.ஐ.பி. இணைவு உமிழ்நீர்ச் சுரப்பியில் நீண்டகாலம் துரத்தும் நோயாகவும், மார்பகத்தில் அறுவையோடு பெரும்பாலும் அடங்கிவிடும் நோயாகவும் இருக்கிறது. ஒரு பெண்ணுக்குத் தேவையற்ற கீமோதெரபியைத் தவிர்க்கக்கூடிய இந்தச் சோதனையைச் செலவுக் கணக்கில் மட்டும் வைத்துப் பார்ப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

நுரையீரலில் மியூக்கோஎபிடெர்மாய்டு கார்சினோமாவை, அதைவிட வீரியமான அடினோஸ்குவாமஸ் கார்சினோமாவிலிருந்து பிரிப்பது சிறு பயாப்ஸியில் கடினம். எம்.ஏ.எம்.எல்.2 உடைந்திருப்பது தெரிந்தால் தெளிவு கிடைக்கும்.

இன்னொரு சூழ்நிலையும் வழக்கமாக வருகிறது. அண்ணத்தில் அடினாய்டு சிஸ்டிக் கட்டியை எடுத்து, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நலமாக இருந்தவருக்கு மார்பு ஸ்கேனில் சில புள்ளிகள் தெரிகின்றன. இது புதிய நுரையீரல் புற்றுநோயா, பழையதே மறைந்திருந்து வந்ததா? இந்த நோய் அவ்வளவு தாமதமாக நுரையீரலில் தலைகாட்டுவது உண்மையிலேயே உண்டு. சிகிச்சையோ இரண்டுக்கும் முற்றிலும் வேறு. புள்ளியிலிருந்து எடுத்த சிறு துண்டையும் பழைய பிளாக்கையும் பக்கத்தில் வைத்துச் சோதித்து, இரண்டிலும் அதே இணைவு இருந்தால் பழைய நோய்தான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

அதற்குப் பழைய பிளாக் வேண்டும். மருத்துவமனைகள் பிளாக்குகளைக் குறிப்பிட்ட காலம்தான் பாதுகாக்கும். அதன் பிறகு அழித்துவிடுவார்கள். அறுவை முடிந்து வீடு திரும்பும்போதே பிளாக் எண்ணை அறிக்கையில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேறு மருத்துவமனையில் ஸ்லைடு மறுஆய்வுக்குக் கொடுத்தால் பிளாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். மரபணுச் சோதனை அறிக்கை என்றால் "இருக்கிறது, இல்லை" என்ற வரியோடு நிற்காமல், எந்த முறையில் சோதித்தார்கள், எந்தெந்த மரபணுக்கள் பட்டியலில் இருந்தன, திசு போதுமான தரத்தில் இருந்ததா என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் பிளாக்கை வைத்திருந்தால் வெயில் படாத, சூடு ஏறாத இடத்தில் வையுங்கள், அது மெழுகு.